எட்டாவது பையின் காது

அருள்சாமியின் இடது முழங்காலுக்குள் யாரோ கோணூசியை விட்டுக் குடைவது போலிருந்தது. ஜீப் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அந்த ஊசி ஒரு சுற்று சுற்றியது. பதினாறு வயதில் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் எஸ்டேட் களத்தில் காப்பி மூட்டை தூக்கிய கால் அது. மூட்டைகளை லாரிகள் கொண்டுபோய்விட்டன. வலியை மட்டும் யாரும் ஏற்றிக்கொண்டு போகவில்லை.

"ஏனுங்ணா, கத்தறது ஜீப்புங்களா, உங்க காலுங்களா?" என்றாள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மரியபுஷ்பம்.

"ரெண்டும்தான். கொஞ்சம் மெல்ல ஓட்டு அம்மிணி."

"மெல்ல ஓட்டுனா அஞ்சு மணி நமக்காவ நிக்குமுங்களா?"

நிற்காது. மணி இப்போதே ஒன்று நாற்பது. நாகலூரில் கிளம்பி, ஒண்டிக்கடையில் திரும்பி, ஜீப் தலைச்சோலைப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. தை மாதத்துப் பனி மத்தியானம் ஆகியும் சில்வர் ஓக் மரங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

மூட்டை தூக்க முடியாமல் போனபோது அருள்சாமி அதே எஸ்டேட்டில் வாட்ச்மேன் ஆனார். மிளகுத் திருடனையும் காப்பித் திருடனையும் பிடித்துப் பிடித்துக் கடைசியில் அதுவே பிழைப்பாகிவிட்டது. இன்றைக்கு ஏற்காட்டில் எது காணாமல் போனாலும் போலீசுக்குப் போகும் முன் அவரிடம் ஒரு தடவை வந்துவிட்டுத்தான் போகிறார்கள். மரியபுஷ்பம் அவருக்கு வண்டியோட்டி, கண்ணாடி, சில சமயம் மூளை. முப்பத்தெட்டு வயது. அவள் ஜீப்புக்கும் வாய்க்கும் பிரேக் பிடிப்பது சிரமம்.

அருள்சாமியின் மடியில் உள்ளங்கை அளவில் இரண்டு சாக்குப் பைகள் கிடந்தன. ஒன்றில் பச்சை அட்டை. "மலைமீன்" என்று எழுதியிருந்தது. அது அவரைக் கூப்பிட்ட ஜெப்சனின் சரக்கு.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகன் ஜெப்சன். தூண்டில் முள், நரம்பு, மீனை ஏமாற்றும் பிளாஸ்டிக் பொய்மீன் எல்லாவற்றையும் வெளியூர் ஃபேக்டரியில் பேர் போடாமல் மொத்தமாக வாங்குவான். பேரும் பையும் மட்டும்தான் அவனுடையவை. அதனால் அந்தப் பைக்காக நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான். காப்பி மலையிலிருந்து வந்த சரக்கு என்று பார்த்ததுமே தெரிய வேண்டும் என்பதற்காகக் குட்டி மூட்டை மாதிரி ஒரு சாக்குப் பை. அதன் வாயில் மடித்துத் தைத்த அட்டை. கடைக் கம்பியில் மாட்ட அட்டையில் ஓர் ஓட்டை. முள் சாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வராமலிருக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய். இந்த மாதக் கடைசியில் நாற்பது கடைகளில் தொங்கவிடுவதாக இருந்தான்.

அதற்குள் சேலத்துக் கடை ஒன்றில் "நீர்ப்புலி" என்ற பேரில் அதே பை தொங்கியது. அட்டை மட்டும் நீலம். யாரோ வாட்ஸப்பில் படம் அனுப்ப, ஜெப்சன் அலறிவிட்டான். நேற்று சேலத்துக்கு இறங்கிப் போய் அந்த நீலப் பையை வாங்கிவந்தது மரியபுஷ்பம்தான்.

இன்று காலை நாகலூர் பேக்கிங் ஷெட்டில் ஜெப்சன் விரலை நீட்டினான். விரலின் மறு முனையில் பை தைக்கும் மாதம்மாள் நின்றாள்.

"மொதல்ல தச்ச சாம்பிள் பை ஏழு சரியில்லீன்னு ஒதுக்கி வெச்சேனுங்க. அதை ஊட்டுக்கு எடுத்துட்டுப் போனது இந்தம்மாதான். வித்ததும் இவங்களாத்தான் இருக்கோணும்."

பக்கத்தில் நின்ற அவனுடைய தாய்மாமன் ஜேசுதாஸ், "இதுக்கெல்லாம் துப்பு எதுக்குடா? ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பாரு," என்றார்.

அப்போது அருள்சாமி ஒரு காரியம் செய்தார். மாதம்மாளின் வயர் கூடையை வாங்கி, பன்னிரண்டு பெண்கள் பார்த்திருக்க, பேக்கிங் மேஜைமேல் கவிழ்த்தார். வாட்ச்மேன் காலத்துப் பழக்கம். சாயந்திரம் கேட்டில் கூலிக்காரர்களின் பைகளை அப்படித்தான் கவிழ்ப்பார்கள். பை கொடுத்தவரும் ஒன்றும் சொல்ல மாட்டார், கவிழ்ப்பவரும் ஒன்றும் சொல்ல மாட்டார். கூடையிலிருந்து வெற்றிலை, கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து, பஸ் டிக்கெட், ஒரு தூக்குப்போசி எல்லாம் விழுந்தன. போசியின் மூடி கழன்று உருண்டு மேஜைக்கடியில் எங்கோ போய்விட்டது. களி மேஜையில் சிதறியது. மாதம்மாள் குனிந்து மூடியைத் தேடவில்லை. மிச்சத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

"சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் பாக்கறேனுங்க," என்றான் ஜெப்சன். "வேற ஆளைக் காட்டுங்க. இல்லாட்டி அந்தம்மா பேருல எழுதிக் குடுத்துடறேன்."

இந்த மலையில் கூலிக்குப் போகிறவள் மீது திருட்டுப் புகார் ஏறினால் என்ன ஆகும் என்பது அருள்சாமிக்குத் தெரியும். கோர்ட் வரைக்கும் போக வேண்டியதில்லை. மறுநாளே எந்த எஸ்டேட் கேட்டும் அவளுக்குத் திறக்காது. அந்தக் கேட்டுகளில் ஒன்றில் நின்று, அப்படிச் சிலரைத் திருப்பி அனுப்பியவர் அவர்.

ஜீப் ஒரு கல்மேல் ஏறி இறங்கியது. நீலப் பை மடியிலிருந்து நழுவ, அருள்சாமி சட்டென்று அதன் மூலைகளைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"புஷ்பம், வண்டியை நிறுத்து."

"எதுக்குங்? வாந்தி வருதுங்களா?"

"காது."

"காதுமா? காலு ஒண்ணு வலிக்கறது பத்தலீங்களா?"

அவர் பையைத் தூக்கிக் காட்டினார். அட்டையின் இரு பக்கமும் சாக்கின் மூலைகள் இரண்டு, முயல் காது மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன. "இது மூட்டைக் காது. அறுவது கிலோ மூட்டையைத் தைக்கறவங்க ரெண்டு மூலையையும் இப்படித் தனியா சுருட்டி விடுவாங்க. தூக்கறவன் புடிக்கறதுக்கு. இதைப் புடிச்சுத்தான் எங்காலு போச்சு."

"அம்பது கிராம் சரக்குக்கு எதுக்குங்ணா காது?"

"அதையேதான் நானும் கேக்கறேன். பின்னால என்னமோ எழுதியிருக்குது. கண்ணாடியை மறந்துட்டேன், படி."

மரியபுஷ்பம் பையைக் கண்ணருகே கொண்டுபோனாள். எறும்பு அளவு எழுத்து. "'இரட்டைக் காது. ஈரக் கையிலும் வழுக்காத பிடி.' அடங்கொப்பா! இதைத் தூக்கறதுக்கு ரெண்டு லோடுமேன் வேணுமாட்ட இருக்குதுங்களே."

அருள்சாமி சிரிக்கவில்லை. பச்சைப் பையை எடுத்துப் பார்த்தார். அதில் காது இல்லை. ஒட்ட நறுக்கித் தைத்திருந்தது.

"அப்ப சேலத்துக்காரன் கம்ப்யூட்டர் படத்தைப் பாத்து அடிக்கலை," என்றார் மெதுவாக. "பையையே கையில வெச்சுப் பாத்து அடிச்சிருக்கான். அதுவும் மொதல்ல தச்ச பையை. மூட்டை தச்சுப் பழகுன கை தச்சதை."

மரியபுஷ்பம் இரண்டு பைகளையும் வாங்கி மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணா, நாம அந்தம்மாளைக் காப்பாத்தப் போறமுங்களா, இல்ல புடிச்சுக் குடுக்கப் போறமுங்களா?"

அருள்சாமி பைகளைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "வண்டியை எடு," என்றார்.

தலைச்சோலையில் மாதம்மாள் தன் ஓட்டு வீட்டின் முன்னால் விறகு பிளந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கோடாலியை அவள் ஓங்குவதைப் பார்த்தால் அந்த வயது தெரியாது. கழுவிய தூக்குப்போசி வாசற்கல்லில் மூடியில்லாமல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"கூடையைக் கொட்டியாச்சு," என்றாள் நிமிராமலே. "இனி ஊட்டையும் கொட்டோணுமுங்களா?"

"அந்த ஏழு பையும் எங்கம்மா?"

"உள்ள வந்து பாருங்க. இருக்கறதே ஒரு ரூம்புதான், தேட வேண்டியதில்லை."

அடுப்புக்கு மேலே ஒரு கயிறு கட்டியிருந்தது. அதில் ஏழு சாக்குப் பைகள் வரிசையாகத் தொங்கின. புகை குடித்து அட்டைகளின் பச்சை கறுத்திருந்தது. ஏழிலும் காது இருந்தது. மரியபுஷ்பம் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே ராகி. அடுத்ததில் சாமை. அதற்கடுத்ததில் அவரை விதை.

"புகையில தொங்குனா வெதையில வண்டு வுழாதுங்க," என்றாள் மாதம்மாள். "ஜெப்சன் தம்பிகிட்டக் கேட்டுத்தான் எடுத்தேன். குப்பைக்குப் போறதுதானே, கொண்டுட்டுப் போங்கன்னாரு."

"காது ஏன் வெச்சீங்க?"

"நா வெக்கலீங்க, கை வெச்சிருச்சு. முப்பது வருசம் எஸ்டேட் ஸ்டோர்ல மூட்டை தச்ச கைங்க. மறுநாளு கம்பியில இந்த ஏழையும் மாட்டிப் பாத்தா காதும் காதும் சிக்கிக்குச்சு. ஒண்ணை எடுத்தா மூணு கூட வருது. நறுக்கிருங்கன்னாரு, அதுக்கப்புறம் தச்சதுல எல்லாம் நறுக்கிட்டோம்."

ஏழு பைகளும் இங்கேயே இருந்தன. ஒன்றும் சேலத்துக்குப் போகவில்லை. ஆனால் ஒரு பையைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வந்திருக்கலாமே என்பான் ஜெப்சன். அருள்சாமி யோசனையாக நீலப் பையைக் கயிற்றின் கடைசியில், எட்டாவதாக மாட்டினார்.

"ஏனுங்ணா," என்றாள் மரியபுஷ்பம், தலையைச் சாய்த்து. "இந்த ஏழுக்கும் கயிறு நட்டநடு நெத்தியில நிக்குது. உங்க நீலத்துக்கு மட்டும் பொட்டு தள்ளி வெச்சாப்புல இருக்குதே."

உண்மைதான். ஏழு அட்டைகளிலும் ஓட்டை சரியாக நடுவில். நீல அட்டையில் ஒரு விரற்கடை வலப்பக்கம் தள்ளி இருந்தது.

அருள்சாமி மாதம்மாளைக் கேட்டுக்கொண்டு அவரை விதை இருந்த பையை இறக்கினார். விதையை முறத்தில் கொட்டிவிட்டு, நீலப் பையில் இருந்த குழாயைப் பொய்மீனோடு எடுத்து அதில் போட்டு மாட்டினார். பை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது.

"சம்பள நாள் சாயந்திரம் எங்கூட்டுக்காரர் நிக்கற மாதிரியே நிக்குதுங்க," என்றாள் மரியபுஷ்பம்.

"தலையில ஈயம் இருக்குதுல்லீங்க, அந்தப் பொய்மீனுக்கு," என்றாள் மாதம்மாள். "ஒரு பக்கமா இழுக்கும். அதுக்காவத்தான் தம்பி மொத நாளே ஒரு பையை எடுத்துட்டுப் போயி மேசையில வெச்சு, ஓட்டையை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டு இருந்தாரு. நேரா நின்னதும் ஒரே சிரிப்பு."

அருள்சாமி திரும்பினார். "ஒரு பைன்னா, இந்த ஏழுல ஒண்ணா?"

"இல்லீங்களே. அன்னைக்குத் தச்சது எட்டு. நா கொண்டாந்தது ஏழு. எட்டாவது அவருகிட்டத்தான இருக்கோணும்."

அடுப்பில் விறகு ஒன்று வெடித்தது. அருள்சாமிக்கு முழங்கால் வலி ஒரு கணம் மறந்துபோனது. அடுத்த நாள் தைத்தவற்றில் ஓட்டை தள்ளியிருக்கும், காது இருக்காது. இந்த ஏழில் காது இருக்கிறது, ஓட்டை தள்ளியில்லை. காதும் தள்ளிய ஓட்டையும் சேர்ந்திருந்த பை இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று. அதைப் பார்த்துத்தான் நீலப் பையை அடித்திருக்கிறார்கள்.

"இதைக் காலையிலயே ஏம்மா சொல்லலை?"

"நீங்க எங்கீங்க கேட்டீங்க?" என்றாள் மாதம்மாள். "கொட்டத்தான செஞ்சீங்க."

அருள்சாமி வாசலுக்கு வந்தார். திறந்து கிடந்த போசி கண்ணில் பட்டது. "அது என் தப்புதானுங்க. நீங்க மனசுல..."

அவள் கையை நீட்டித் தடுத்தாள். "இங்க வேண்டாமுங்க. எங்க கொட்டுனீங்களோ அங்க வந்து சொல்லுங்க. பாத்தவங்க காதுல வுழோணும். அந்த அவரைப் பையை எடுத்துட்டுப் போங்க, வேணுமுன்னா. திருப்பிக் குடுத்துருங்க. அடுத்த பட்டத்துக்கு அந்த வெதைதான்."

அவர்கள் ஜீப்பில் ஏறும்போது கோடாலிச் சத்தம் மறுபடி தொடங்கிவிட்டது.

ஒண்டிக்கடையில் மளிகைக் கடைக்கு மேலே ஜெப்சனின் ஆபீஸ். பதினெட்டுப் படி. ஒவ்வொரு படியையும் அருள்சாமியின் கால் எண்ணியது. மேலே போனபோது மணி நாலு இருபத்தைந்து. ஜெப்சன் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தான். எதிரே ஜேசுதாஸ், மருமகனுக்குப் புகார் எழுத வாசகம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாய்யா வாட்ச்மேன்," என்றார் ஜேசுதாஸ். "திருடியைப் புடிச்சுட்டு வந்தியா?"

அருள்சாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, மொத நாளு தச்சது எத்தனை பை?"

"ஏழுங்க. காலையிலயே சொன்னனே."

"எட்டு."

பேனா நின்றது.

"எட்டாவதுல ஓட்டையை நீங்களே தள்ளிப் போட்டீங்க. நேரா நின்னதும் சிரிச்சீங்க. அது எங்கீங்க?"

ஜெப்சனின் பார்வை மேஜையில் எதையோ தேடுவது போல அலைந்தது. "அது... இங்கதான் எங்கயோ இருந்துச்சுங்க. காணாமப் போயிருச்சு."

"அதையும் அவதான் எடுத்திருப்பா," என்றார் ஜேசுதாஸ். "ஏழு எடுத்தவளுக்கு எட்டாவது எடுக்கத் தெரியாதாக்கும்? எழுது ஜெப்சா. மணியாகுது."

ஜெப்சன் பேனாவைத் திறந்தான். மரியபுஷ்பம் அருள்சாமியைப் பார்த்தாள். அவள் உதட்டில் இந்தத் தடவை கிண்டல் ஒன்றும் இல்லை. ஜேசுதாஸ் சொன்னதை இல்லையென்று சொல்ல மாதம்மாளின் வாய் தவிர வேறு சாட்சி இல்லை. அவளுடைய சொல்லை இந்த ஊரில் யார் கேட்பார்கள்?

"எழுதுங்க தம்பி," என்றார் அருள்சாமி. "எழுதறதுக்கு முன்னால இதை மட்டும் ஒருக்காப் படிச்சுருங்க. நீங்க வாட்ஸப்புல முன்பக்கந்தான் பாத்தீங்க. காலையில உங்ககிட்டக் காட்டும்போதும் திருப்பிப் பாக்கலை." நீலப் பையை மேஜையில் குப்புறப் போட்டார்.

"எழுத்து நொம்பப் பொடுசுங்க," என்றாள் மரியபுஷ்பம். "யாரும் படிக்க மாட்டாங்கன்னு நம்பி அடிச்சிருக்கறாங்க."

ஜெப்சன் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினான். "'இரட்டைக் காது. ஈரக் கையிலும் வழுக்...'" நின்றுவிட்டான். மறுபடி முதலிலிருந்து படித்தான், இந்தத் தடவை சத்தமில்லாமல்.

"அந்தக் காது ஒரு தப்பு," என்றார் அருள்சாமி. "மாதம்மாளோட கை பழக்கத்துல வெச்ச தப்பு. அந்தம்மா இதை வித்திருந்தா, இது என்னன்னு கேட்டவங்ககிட்ட மூட்டைக் காதுன்னு சொல்லியிருக்கும். எனக்கும் அப்படித்தான் வரும். மூட்டை தூக்கறவங்க வாயில ஈரக் கைன்னு வரவே வராதுங்க. களத்துல காஞ்ச காப்பியை எவனும் ஈரக் கையோட தொட மாட்டான், ரைட்டர் தொலைச்சுருவாரு. ஈரக் கைங்கறது மீன் புடிக்கறவன் யோசனை. தப்பை மறைக்கறதுக்கு யாரோ அந்த நிமிசத்துல கட்டுன கதை. கட்டுனது யாருன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம்."

கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. ஜெப்சன் தலையை மெதுவாகத் திருப்பினான்.

"மாமா," என்றான். "அன்னைக்குச் சாயந்திரம் இங்க வந்து, 'இதென்னடா மொசக் காது'ன்னு சிரிச்சீங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஈரக் கையில புடிச்சாலும் வழுக்காதுங்க மாமான்னு. உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன். வேற யாருகிட்டயும் சொல்லலை. மறுநாளே நறுக்கச் சொல்லிட்டனே!"

ஜேசுதாஸ் மீசையைத் தடவினார். இல்லை என்று சொல்லப் போகிறார் என்று அருள்சாமி காத்திருந்தார். சொல்லவில்லை.

"ஆமாடா. குடுத்தேன். அதுக்கென்ன இப்ப? சாக்கு நீ கண்டுபுடிச்சதா? நீ ஆயிரம் பை தைக்கறதுக்குள்ள சேலத்துக்காரன் அம்பதாயிரம் எறக்கிடுவான். அதுல எனக்கும் ஒரு பங்கு இருக்குது. நாளைக்கு உனக்கும் பங்கு வாங்கித் தரலாமுன்னுதான் இருந்தேன். குடும்பத்துக்குள்ள இருக்கற சமாச்சாரம். இந்த ரெண்டு பேரை உக்கார வெச்சுட்டு என்னைக் கேள்வி கேக்கறயா?"

"அந்தம்மா பேருல எழுதச் சொன்னீங்களே மாமா."

"யாராவது ஒருத்தர் பேருல எழுதித்தான ஆகோணும்?" என்றார் ஜேசுதாஸ். எழுந்தார். படியில் இறங்கும் செருப்புச் சத்தம் பதினெட்டும் கேட்டது. அதில் அவசரமே இல்லை.

ஜெப்சன் புகார்த் தாளை நாலாகக் கிழித்தான். கிழித்த பிறகும் துண்டுகளைக் கையிலேயே வைத்திருந்தான்.

"எட்டாவது பை யாருகிட்டப் போச்சுன்னு உங்களுக்கு மறக்கலை, தம்பி," என்றார் அருள்சாமி. "ஏழுன்னு சொன்னது தெரிஞ்சேதான்."

"மாமா மேல எப்படிங்க சந்தேகப்படறது? என்னைத் தூக்கி வளத்தவருங்க."

"மாதம்மா மேல எப்படி முடிஞ்சுது?"

ஜெப்சன் கிழித்த துண்டுகளை மேஜையில் போட்டான். கேட்டுவிட்ட பிறகுதான் அருள்சாமிக்கு உறைத்தது, காலையில் அந்தக் கூடையை வாங்கிய கை ஜெப்சனுடையது இல்லை என்று.

"நாகலூருக்கு வுடு," என்றார் ஜீப்பில் ஏறியதும்.

"கேஸு முடிஞ்சுதுங்களே. உங்க காலுக்குத் தைலம் வாங்கலாமுன்னு பாத்தேன்."

"வுடு அம்மிணி."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பேக்கிங் ஷெட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குக் கூடைகளோடு பன்னிரண்டு பெண்களும் ரோட்டோரம் நின்றார்கள். ஜீப்பிலிருந்து இறங்கி நொண்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்ததும் ஒருத்தி பேச்சை நிறுத்தினாள், பிறகு எல்லாரும் நிறுத்தினார்கள். இரண்டு பேர் தங்கள் கூடைகளை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்கள். அதை அருள்சாமி கவனித்தார்.

"மாதம்மா எதையும் எடுக்கலைங்க," என்றார். "எடுத்தது வேற ஆளு. புகார் இல்லை. நாளைக்கு அந்தம்மா வேலைக்கு வரும்."

"அது எங்களுக்குக் காலையிலயே தெரியுமுங்க," என்றாள் கூட்டத்தில் மூத்தவளான ஞானசுந்தரி. கூடைக்குள் கையை விட்டு ஒரு மூடியை எடுத்தாள். தூக்குப்போசி மூடி. மேஜைக்கடியில் உருண்டதில் விளிம்பு நசுங்கியிருந்தது. "நானே கொண்டுபோயிக் குடுக்கலாமுன்னுதான் எடுத்து வெச்சேன். இப்ப நீங்களே வந்துட்டீங்க. நீங்களே குடுத்துருங்க. நாளைக்கு எட்டு மணிக்கு நாங்க எல்லாருமே இங்கதான் இருப்போமுங்க."

பஸ் வந்தது. பன்னிரண்டு பேரும் ஏறிப் போனார்கள். அருள்சாமி ஜீப்பில் உட்கார்ந்து, நசுங்கிய விளிம்பைக் கட்டைவிரலால் நிமிர்த்தப் பார்த்தார். அது நிமிரவில்லை. அவரைப் பை அவர் மடியில் காலியாகக் கிடந்தது.

"பை ஒண்ணு, மூடி ஒண்ணு," என்றாள் மரியபுஷ்பம், வண்டியைக் கிளப்பாமல். "நாளைக்கு இந்த ரெண்டையும் குடுத்துட்டா அந்தம்மாகிட்ட வேற பாக்கி ஒண்ணும் இல்லீங்களே?"

"இருக்குது," என்றார் அருள்சாமி. "ஒரு மன்னிப்பு பாக்கி. பன்னண்டு பேருக்கு முன்னால."